முந்தானையில் ஐந்து மாத்திரை

மாத்திரை அட்டையைக் கிழிக்கிற அந்தச் 'சர்ர்'. மருந்துக்கடையில் இப்போது யார் கிழித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எண்பதுகளில் பற்றிய எரிச்சல், இன்னும் அணையவில்லை.

வேலூரில், டாக்டர் அறை வாசலில், மாதம் ஒருமுறை நானும் இன்னொருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் மனைவி. நான் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவள். ஆளுக்கொரு ஏழு வயது மகள், ஒரு நொடி ஓரிடத்தில் தரிக்காத மகள். மூளையைத் தட்டி எழுப்புகிற மருந்துதான் இருவருக்கும். எழுப்புகிற மருந்து எப்படிப் பிள்ளையை உட்காரவைக்கும்? தெரியாது. அவள் மகளை உட்காரவைத்தது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சின்ன வெள்ளை மாத்திரை. எங்களுக்குக் காலையில் மட்டும், வேறொன்று. அந்தக் குழந்தை சிலேட்டில் வரி கோணாமல் எழுதும். என் மகள் பெஞ்சில் ஏறுவாள், குதிப்பாள், மறுபடி ஏறுவாள், அந்த எழுத்தை எச்சில் தொட்டு அழிப்பாள். இந்த மாதமும் வகுப்பைவிட்டு ஓடினால் அனுப்பவேண்டாம் என்று மலைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

தன் மகள் சோற்றைத் தொடுவதே இல்லை என்று அவள் புலம்புவாள். என் காதில் ஏறாது.

"எங்களுக்கும் அந்த வெள்ளையே எழுதுங்க சார்."

"வலிப்பு வந்த பொண்ணும்மா. அது ஆபத்து. கொஞ்சம் பொறுங்க."

பக்கத்து அடுப்பில் பால் பொங்குகிறது, நம் அடுப்பில் விறகு புகைகிறது. பொறுப்பதாம்!

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவள் தன் அட்டையைப் பாதியாகக் கிழித்தாள். ஐந்து மாத்திரை. கறிவேப்பிலை தருவதுபோல என் முந்தானையில் முடிந்தாள்.

"வெச்சிக்கக்கா. டாக்டருக்கு இன்னா தெரியும்? உன் பொண்ணும் ஒரு எடத்துல குந்தட்டும்."

நல்ல மனசு. அதற்காகவும் அவளை வெறுத்தேன். கொடுத்தால் என் மகள் வகுப்பில் உட்காரலாம். கண் செருகி, வாயில் நுரை தள்ளித் துடிக்கவும் செய்யலாம். கேழ்வரகு காய்ந்த களத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

முடிச்சை அவிழ்த்து அவள் கையிலேயே வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"வாணாம்மா. எங்களுக்கு இதவிட ஒசந்ததா எழுதிட்டாரு."

பொய். எங்கள் மலைப்பக்கம் போகிற அமிர்தி பஸ் உறுமியது. மகளை இழுத்துக்கொண்டு ஏறினேன். தன் மகளைத் தரதரவென்று இழுத்தபடி, ஜன்னலோடு ஜன்னலாக அவள் ஓடிவந்தாள்.

"பேரு இன்னாக்கா? அந்த மாத்திர பேர மட்டும் சொல்லிட்டுப் போக்கா!"