விளக்குக்கு மேலே ஒரு சாண்

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெப்பத் தடுப்பு விரிப்பது அவர் தொழில். சட்டையில் எப்போதும் கண்ணாடிப் பஞ்சு ஒட்டியிருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘பஞ்சு’. எந்தப் பொருளையும் போடுமுன் ஒரு துண்டைக் கிள்ளித் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்.

கண்ணாடிப் பஞ்சு எரியாது; ஆனால் உடம்பெல்லாம் அரிக்கும், நனைந்தால் உதவாது. பாறையை உருக்கி இழைத்த ராக் வூல் கனம்; நெருப்புக்கு மசியாது. தெர்மாகோல் லேசு, தூசியில்லை. ஆனால் தீ பட்டால் சுருண்டு சொட்டும்.

ஐந்து மாதங்களுக்கு முன் தங்கையின் படுக்கையறைக்கு அவர் போட்டது தெர்மாகோல். கைக்குழந்தை தூங்கப்போகும் அறையில் பஞ்சுத் தூசி கூடாது என்று தங்கையின் கணவர் பிடிவாதமாக இருந்தார். அன்றும் தீக்குச்சி காட்டினார்; துண்டு கரும்புகையோடு சொட்டியது. பார்ப்பது பழக்கமாகிவிட்டால் பார்த்ததை யோசிப்பது நின்றுவிடுகிறது. சீலிங்குக்கு மேலே யார் வந்து நெருப்பு வைக்கப்போகிறார்கள்? சீலிங்கில் பதித்திருந்த, சூடு கக்கும் மூன்று ஹாலஜன் விளக்குகளின் முதுகையும் சேர்த்து, இம்மி இடைவெளி விடாமல் மூடினார். அந்த இடைவெளியின்மைதான் அவருடைய பெருமை.

இன்று மதியம் வேறொரு வீட்டில், வேறு யாரோ போட்ட தெர்மாகோலைப் பிரித்தபோது, விளக்குக்கு மேலே அது கிண்ணம்போல் உருகியிருந்தது. வெளிச்சூடு எது, உள்சூடு எது என்று தடுப்புக்குத் தெரியாது. விளக்கின் சூட்டையும் அது போகவிடவில்லை. தங்கைக்கு மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. ஏணியை வண்டியில் கட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்ப அடித்துப் பார்த்தார்.

கதவைத் திறந்த மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மச்சான், பேயறஞ்ச மாதிரி வர்றீங்க? மெதுவா. உங்க மருமகன் இப்பதான் கண்ண மூடினான். போனெல்லாம் சைலண்ட்ல கெடக்கு.”

படுக்கையறையில் மூன்று விளக்குகளும் எரிந்தன; தொட்டிலருகே தங்கை உட்கார்ந்திருந்தாள். அவர் நேராகப் போய் சுவிட்சை அணைத்தார்.

“புள்ளைய தூக்கிட்டு வெளிய போம்மா. கேள்வி அப்புறம்.”

ஏணி போட்டு ஏறி சீலிங்கைத் திறந்தார். முதல் இரண்டு விளக்குகளுக்கு மேலே தெர்மாகோல் லேசாகக் குழிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தொட்டிலுக்கு நேர் மேலே. அங்கே பழுப்பேறிய குழம்பு விளக்கோடு ஒட்டியிருந்தது. வயரின் மேலுறை கொப்பளித்திருந்தது. அந்த விளக்கைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் காட்டினார். தூசி வேண்டாம் என்று சொன்ன தன்மீது பழி விழும் என்று அவர் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“தப்பு என்னோடது மாப்ள. நீங்க தூசிதான் வேணாம்னீங்க. லைட்ட மூடச் சொல்லல.”

வாசற்படியில் நின்ற தங்கை மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்கு நீங்க பத்த வெச்சப்ப சொட்டுச்சுண்ணா. நானும் பாத்தேன். நீங்களே பேசாம இருக்கீங்க, அப்ப ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்.”

இருட்டுவதற்குள் எல்லாத் தகடுகளையும் பிரித்தெடுத்தார். அறை கொதித்தது, குழந்தையோடு அவர்கள் கூடத்தில் படுத்தார்கள்.

மறுநாள் ராக் வூல் கொண்டுவந்தார். தூசி இறங்காதபடி உறையிட்டு, விளக்குகளைச் சுற்றி ஒரு சாண் விட்டு அளந்து கோடு போட்டார். ஏணியில் கால் வைத்தபோது தங்கை தீப்பெட்டியை நீட்டினாள்.

“மொதல்ல பத்த வைங்க. நான் பாக்கணும்.”

குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது. துண்டு கறுத்தது, எரியவில்லை. இன்னொரு குச்சியை அவளே கிழித்துப் பார்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.