கிணற்றில் கொட்டிய வெள்ளைத் தூள்

குளோரின் மணம் எனக்கு மூக்கில் பிடிபடாது, தொண்டையில்தான் பிடிபடும். இப்போது குடியிருக்கும் வெளிநாட்டு ஊரான டீட்டிகோனில் இருந்து காலை பஸ்ஸில் போய், நான் துப்புரவு வேலை செய்யும் நீச்சல் குளத்தின் பின்கதவைத் திறந்து, ஈரத்தரையில் கால் வைத்தவுடன் அது வந்துவிடும். கூட வேலை செய்யும் பெண்கள் அதைச் சுத்தத்தின் மணம் என்பார்கள். எனக்கு அது ஆமியின் மணம்.

அப்போது யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒன்பது வயது. கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஓர் ஆமி, ஓர் இராணுவம், சமாதானம் காக்கவென்று வந்து இறங்கியது. எங்கள் ஆட்கள் போய் மாலை போட்டார்கள், அதை மறைத்துப் பயனில்லை. கொஞ்ச மாதத்தில் மாலை போட்ட கைகளைத் தூக்கச் சொல்லி ஆமிக்காரர் துவக்கை நீட்டினார்கள். எங்கள் ஒழுங்கை, எங்கள் சந்து, முடிகிற இடத்தில் இருந்த பள்ளிக்கூடம் அவர்களின் முகாம் ஆனது. நாங்கள் உட்கார்ந்து படித்த மர வாங்குகளை அடுப்பில் வைத்து எரித்தார்கள், அந்தப் புகை எங்கள் முற்றத்துக்கு வரும்.

அதற்குப் பிறகு அவர்கள் எதைச் செய்தாலும் "ஏன்?" என்று கேட்பதுதான் எங்கள் வேலை. ஒழுங்கையில் கிரவல் போட்டால், லொறி உள்ளே வரப்போகிறது என்போம். பிள்ளைகளுக்கு பிஸ்கட் தந்தால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வாயைக் கிண்டத் தருகிறார்கள் என்போம். ஒருநாள் முகாமில் ஊசி போடுவதாக அறிவித்தார்கள், எங்கள் பகுதியில் இருந்து ஒருவரும் போகவில்லை, அந்த ஊசி போட்டால் பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்ற கதை அறிவித்தலுக்கு முன்னமே வந்துவிட்டது. கதையைக் கொண்டு வருவது பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமி. "சும்மா ஒருத்தனும் ஒண்டும் தரமாட்டான் பிள்ளை. அதுவும் துவக்கோட நிக்கிறவன்" என்பார். அப்பாவுக்கு மாமியின் கதைகள் பிடிக்காது. சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர், எதற்கும் காரணம் கேட்பவர். ஆனால் முகாம் வாசல் காவலரணில், சென்றியில், சைக்கிளை விட்டு இறங்கச் சுணங்கியதற்காக என் கண் முன்னால் கன்னத்தில் அடி வாங்கிய பிறகு, அவரும் மாமி சொல்வதை மறுத்துப் பேசுவதைக் குறைத்துக் கொண்டார். அடித்தவன் ஒரு பெரிய மீசைக்காரன். நாங்கள் அவனை "மீசை" என்றுதான் சொல்லுவோம்.

எங்கள் வீட்டுக் கிணறு எங்களுடையது மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் அதைப் பங்குக் கிணறு என்பார்கள், பரம்பரையாகப் பல வீட்டுக்கு உரித்து, எல்லா வீட்டு வேலியிலும் அந்தக் கிணற்றுக்குப் போக ஒரு "பொட்டு", அதாவது ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். அந்தக் கிணற்றில் நுளம்பு என்கிற கொசுவின் புழுவைத் தின்னட்டும் என்று குளத்தில் பிடித்த மீன்களை விட்டிருந்தோம். என் தம்பிக்கு நாலு வயது. சோற்றுப் பருக்கையை எறிந்துவிட்டு, மீன் மேலே வரும்வரை கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தண்ணீர் எப்படி என்று யாராவது கேட்டால் அம்மா மீனைத்தான் காட்டுவார். மீன் ஓடினால் தண்ணீர் நல்லது. எங்களுக்குத் தெரிந்த பரிசோதனை அவ்வளவுதான்.

மழை விட்டிருந்த ஒரு காலை, மீசையும் இன்னும் சில ஆமிக்காரரும் பொட்டு வழியாக உள்ளே வந்தார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒருவன் வாளி கொண்டு வந்தான். மீசை அதில் இருந்த வெள்ளைத் தூளை அப்படியே கிணற்றுக்குள் கொட்டி, எங்கள் கப்பியில் எங்கள் வாளியை விட்டு நாலைந்து தரம் அடித்துக் கலக்கினான். எங்களைப் பார்த்து அவன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னான். கையை வாயருகே கொண்டுபோய் ஆட்டினான். குடி என்றானா, குடிக்காதே என்றானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அடுத்த கிணற்றுக்குப் போனார்கள்.

"அது குளோரின் தானப்பா" என்றார் அப்பா. "முந்தி சுகாதாரப் பகுதி ஆக்களும் வந்து போடுறவை."

"அவை எங்களைக் கேட்டுப் போட்டவை" என்றார் மாமி. "ஒரு கரண்டி போட்டவை. இவன் வாளியோட கொட்டிப்போட்டுப் போறான். நீர் அவன்ர ஆளோ?"

அந்தக் கடைசிச் சொல் விளையாட்டுச் சொல் அல்ல. அந்தக் காலத்தில் அவர்களின் ஆள் என்று பெயர் எடுத்தால் மற்றப் பக்கம், ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கம், வந்து கேள்வி கேட்கும். அப்பா வீட்டுக்குள் போய்விட்டார்.

பின்னேரம் மீன்கள் மேலே வந்தன. எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தன. தம்பி சோறு போட்டு அவற்றை எழுப்பப் பார்த்தான். பங்குக்காரர் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மாமி அப்பாவைப் பார்த்து, "மனிசருக்கு மருந்தெண்டால் மீனுக்கு என்ன வந்தது?" என்றார். குளோரின் கூடினால் மீன் சாகும், கொஞ்ச நாள் விட்டால் அதே தண்ணீர் மனிதனுக்கு ஒன்றும் செய்யாது என்பதை நான் இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்.

கிணற்றை மூடினோம். தண்ணீருக்கு வேறு இடம் தேடினோம். கொழும்புக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு ஷெல் விழுந்து பாதி இடிந்து கிடந்தது, அதன் பின்வளவில் ஒரு கிணறு. கக்கூஸ் பக்கச் சுவர் விழுந்து, மழை வெள்ளம் அந்தப் பக்கமாக ஓடி வந்து கிணற்றடியில் நின்றதை எல்லோரும் கண்டோம். ஆனால் பெண்கள் குனிந்து பார்த்தது கிணற்றுக்குள்ளே. உள்ளே தவளைகள் நீந்தின. "தவளை உசிரோட நிக்குது, தண்ணி நல்லது" என்று அம்மாவே சொன்னார். முகாமுக்குத் தூரம், ஆமி கால் வைக்காத வளவு. எங்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? நஞ்சு என்றால் அது ஆமியின் கையில் இருந்துதான் வரவேண்டும் என்று நம்பியிருந்தோம், மற்ற வழியால் வருவதைப் பார்க்க எங்களுக்குக் கண் இல்லாமல் போனது.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வரவில்லை, ஒரே பிடியாய்ப் பிடித்து ஏறிக்கொண்டே போனது. பிள்ளை கண்ணைத் திறந்து கொண்டே பிதற்றத் தொடங்கியபோது, "நெருப்புக் காய்ச்சல்" என்று மாமியே முதலில் சொன்னார்; கெட்ட தண்ணீரால் வருகிற டைபாய்டுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே நேர்வழி முகாம் சென்றியைத் தாண்டித்தான்.

அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், அப்பா சைக்கிளை உருட்டினார், நான் பின்னால். சென்றியில் மீசை நின்றான். தம்பியின் நெற்றியில் கை வைத்தான், கண்ணிமையை விரித்துப் பார்த்தான், பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான். ஒரு லொறி வந்து நின்றது. பின்பக்கத் தட்டை இறக்கிவிட்டு அம்மாவை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அம்மா ஏறவில்லை. தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். "நாங்கள் நடந்தே போறம் ஐயா" என்றார், அவனுக்கு விளங்காது என்று தெரிந்தும். மீசை மறுபடி லொறியைக் காட்டினான், குரலும் உயர்ந்தது. கோபத்தில் கத்தினானா, அவசரத்தில் கத்தினானா? அவன் துவக்குத் தோளில் தொங்கியது. அப்பா சைக்கிளைத் திருப்பினார். நாங்கள் வந்த வழியே திரும்பி, பனங்கூடலுக்குள்ளால், தோட்ட வரம்புகளால், வெயில் முழுக்கச் சுற்றிப் போனோம். சைக்கிளின் முன் பாரில் அம்மாவும் மடியில் தம்பியும், அப்பா தள்ளிக்கொண்டு ஓடினார்.

தம்பி பிழைத்தான். இடது காது கேட்காமல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் தொடங்கினார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

இதை நான் இங்கே சொல்லும்போது, சிலர், குறிப்பாக இங்கே பிறந்த பிள்ளைகள், "அவங்கள் உதவி செய்யத்தானே பார்த்தாங்கள், நீங்கள்தான் தேவையில்லாமல் பயந்திட்டீங்கள்" என்கிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்தத் தூள் மருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். லொறி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கும், அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே லொறியில் ஏற்றப்பட்ட எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் திரும்பி வரவில்லை. அதே கைதான் அப்பாவின் கன்னத்தில் விழுந்தது. ஒரு கையால் அடித்துவிட்டு மற்றக் கையால் மருந்து தருகிறவன், எந்தக் கை எதற்கு என்று சொல்லிவிட்டுத் தரவேண்டும். சொல்லவில்லை. அம்மா அன்றைக்கு ஏறாதது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். தம்பியின் காது போனதும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருக்கத்தான் இருக்கும், அதை அழகுபடுத்த என்னால் முடியாது.

நான் வேலை செய்யும் குளத்தில், காலையில் பொறுப்பாளர் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறத்தைப் பார்த்து, எவ்வளவு குளோரின் என்று வாசலில் உள்ள பலகையில் எழுதி வைப்பார். வருகிற ஒருவரும் அதை நின்று வாசிப்பதில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்தவர்களுக்குக் கேட்கவே தோன்றாது, துண்டை எறிந்துவிட்டுக் குதிப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க எரிச்சலும் வரும், பொறாமையும் வரும்.

தம்பி இங்கே ஆரா என்ற நகரில் ஓர் உணவகத்தில் சமையல். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவான். நான் பலகையை வாசித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "என்ன அக்கா, இண்டைக்கு மீன் சாகேல்லையோ?" என்பான். பிள்ளைகளுக்கு அந்தப் பகிடி விளங்காது. "உந்த வாயை மூடு" என்பேன்.

ஊரில் எங்கள் பங்குக் கிணற்றை இடிந்த வீட்டுக் கல்லையே போட்டுத் தூர்த்துவிட்டார்கள். பங்குக்காரரில் ஒருவரும் அந்த ஒழுங்கையில் இல்லை, பொட்டு வைத்த வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. பரிமளம் மாமி கனடாவில் காலமானார். ஆமி போய் எத்தனையோ வருடம், பள்ளிக்கூடத்தில் மறுபடி பிள்ளைகள் படிக்கிறார்கள். மீசை உயிரோடு இருந்தால் நல்ல கிழவன். அவனைக் கண்டால் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. கையை வாயருகே வைத்து ஆட்டினாயே, குடி என்றாயா, குடிக்காதே என்றாயா?

நேற்றுக் காலையும் ஒருவரும் வர முன்னர் குளத்தைச் சுற்றித் தரையைத் துடைத்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பலகையில் எழுதியாகிவிட்டது. இருந்தும் விளிம்பில் நின்று, ஒரு மூலையில் இருந்து மறு மூலைவரை, வெள்ளையாய் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டேன்.