கதவில்லாத பிளாட்பாரங்கள்: புதுச்சேரி – விழுப்புரம் பாசஞ்சரில் ஒரு நாள்

கடந்த ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்விட்டு அன்றே திரும்பினேன். ஒரு வழிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். "இதையெல்லாம் பயணம்னு எழுதுவியா?" என்று என் கணவர் கேட்டார். விழுப்புரத்தில் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை என்பதும் உண்மை. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பி அருள், ரயிலில் எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்றான். அதனால் போனோம்.

அருள் பாரிசில் பாதாள ரயில் ஓட்டுகிறவன். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தோம். கல்யாணமான மறுவருடம் அவளோடு போனான். கிடங்கு, ஓட்டல் சமையலறை என்று சில வருடங்கள் அலைந்து, பிறகு தேர்வெழுதி டிரைவர் ஆனான். அவன் ஓட்டுகிற லைனில் இப்போது தண்டவாளத்தையும் சிக்னலையும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் லைனின் ஒரு பகுதியை மூடிவிட்டதால் அவனுக்கு நீண்ட வக்கான்ஸ் கிடைத்தது. விடுமுறையை அவன் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

வேலை முழுவதும் முடிந்ததும் அந்த லைனில் டிரைவரே இருக்க மாட்டார். வண்டி தானாக ஓடும். அருளுக்கு இரண்டு வழிகள் கொடுத்திருந்தார்கள். இன்னும் புதுப்பிக்காத வேறொரு லைனுக்கு மாறி டிரைவராகவே இருக்கலாம். இல்லையென்றால் இதே லைனின் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே கட்சி: டிரைவராகவே இரு. "மாப்ள, டிரைவரே இல்லாத வண்டிக்கு ஆயுத பூஜை அன்னிக்கு யாரு மால போடுவாங்க? டி.வி.க்குப் போடுவியா?" என்று என் கணவர் சாப்பிடும்போதெல்லாம் சீண்டினார். அருள் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவான். ரயிலில் போகும்போது நான் தனியாகப் பேசி அவன் மனதை மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், ஒரு தம்பிக்குச் சொல்ல முடியாதா?

மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் நூற்றிருபதுக்கும் வருவார்கள். ரயில் டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். ஆட்டோவில் போன தூரத்துக்கும் ரயிலில் போகப்போகும் தூரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத கட்டணம் என்று அருள் வியந்தான். காலை வண்டி எட்டு மணிக்கு மேல் கிளம்பியது. நிலையத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் சுற்றித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் எல்லாரும் வண்டி வருகிறதா என்று ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். அருள் மட்டும் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றான். நீண்ட விமானப் பயணத்தின் இடுப்புவலி இன்னும் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி வில்லியனூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்கள் திறந்துகொண்டன. நான் பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் எனக்கே பாடம் தெரியவேண்டும் அல்லவா? அதனால், அங்கே என்னதான் மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

பள்ளியில் ஒரே ஒரு ஆய்வுக்கூடம் இருக்கும். ஏழாம் வகுப்பு வெளியே வந்தால்தான் ஆறாம் வகுப்பு உள்ளே போகலாம். உள்ளே இரண்டே பேர் இருந்தாலும் அடுத்த வகுப்பு வாசலில்தான் நிற்க வேண்டும். பழைய சிக்னல் முறை அதுதான். லைனைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டிதான் என்று வைத்திருப்பார்கள். புதிய முறை காலை வழிபாட்டு வரிசை மாதிரி. முன்னால் நிற்பவன் தோளுக்குக் கை நீட்டி இடைவெளி பிடித்துக்கொண்டு எல்லாரும் நகரலாம். ஒவ்வொரு வண்டியும் தான் எங்கே இருக்கிறேன், என்ன வேகத்தில் வருகிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பின்னால் வரும் வண்டி அதற்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அதே சுரங்கத்தில், அதே தண்டவாளத்தில், இன்னும் சில வண்டிகளை விடலாம்.

"அப்ப தண்டவாளத்துல என்ன வேல?" என்றேன்.

"வண்டி நிக்கற எடம் ஒரு சாண்கூட மாறக் கூடாதுக்கா. பிளாட்பாரம் ஓரத்துல நீட்டுக்கும் கண்ணாடிச் சுவரு வெக்கறாங்க. வண்டிக் கதவுக்கு நேரா அதுலயும் கதவு. ரெண்டும் ஒண்ணாத் தொறக்கணும். அதுக்காகத் தண்டவாளத்த நேர் பண்றாங்க, பிளாட்பாரம் ஓரத்த ஒடச்சி கெட்டியாக் கட்றாங்க. அந்தக் கதவு கனம் உனக்குத் தெரியாது."

கதவைப் பற்றிப் பேசும்போது அவன் குரலில் ஒரு உற்சாகம் வந்ததைக் கவனித்தேன். ஆனாலும் என் பாடத்தை விடவில்லை. கைத்தொழிலை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் வேலைக்குப் போகலாமா, மற்ற லைனில் உன்னைக் கூப்பிடுகிறார்களே, இன்னும் பத்து வருடம் கௌரவமாக ஓட்டலாமே என்று வளவனூர் வரும்வரைக்கும் சொன்னேன். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ம்" போட்டுக்கொண்டே வந்தான். வகுப்பில் "ம்" போடுகிற பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

விழுப்புரம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. நிலையத்துக்கு வெளியே இரண்டு பேரும் இட்லி, வடை, காபி சாப்பிட்டோம். நூற்று நாற்பது ரூபாய். வடை நன்றாக இருந்தது, காபியை மறந்துவிடலாம். பெரிய சந்திப்பு என்பதால் பல ஊர்களுக்கும் வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். அருள் சுவரோரத்து பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தான். பிற்பகல் வண்டியில் திரும்பினோம்.

இது ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். சின்னபாபுசமுத்திரத்தில் எங்கள் வண்டியை அப்படி நிறுத்தினார்கள். பத்து நிமிடம் ஆகும் என்றார் எதிர் இருக்கைக்காரர். எங்களுக்கு ஒரு பக்கம் பிளாட்பாரம். மறுபக்கம் எதிர்வண்டி வரப்போகும் தண்டவாளம், அதற்கு அப்பால் வயல். அந்த வயல் வரப்பில் ஒரு பெண் கையில் சாப்பாட்டுக் கூடையோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வருவதில்லை. நிற்கும் வண்டிக்குத் தண்டவாளம் வழியாகவே வந்து, எதிர்ப்பக்கக் கதவில் ஏறிவிடுவார்கள். இந்த வழியில் அடிக்கடி போகிற எனக்கு அது புதிதல்ல.

எதிர்வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் ஜல்லியில் காலை வைத்தாள்.

அருள் எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். தமிழில் அல்ல, பிரெஞ்சில். "ஆர்ரெத்தே! ஆர்ரெத்தே!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, பிறகு தாவி ஓடி வந்து எங்கள் பெட்டியின் படியில் ஏறினாள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்வதற்குள் எதிர்வண்டி இரைந்துகொண்டு கடந்துபோனது. அவள் சிரித்துக்கொண்டே வந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரு சார் கத்துனது? இன்னா பாஷ அது?"

"நிறுத்துங்கன்னு சொன்னாம்மா," என்றேன்.

"நான் இன்னா வண்டியா, நிறுத்தறதுக்கு? நீங்க கத்துனதுலதான் சார் காலு தடுமாறிச்சி."

பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அருள் சிரிக்கவில்லை. சன்னல் கம்பியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பும் நின்றது. கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஒடம்பு சரியில்லையா சார்? குடிங்க."

அவன் குடித்துவிட்டுச் சொன்னான்: "அந்த டிரைவர் ஒன்னப் பாத்தாரும்மா."

"பாத்துதான ஹாரன் அடிச்சாரு."

"ஹாரன் அடிக்கலாம், பிரேக் புடிக்கலாம். புடிச்சாலும் வண்டி ஒன்னத் தாண்டித்தான் நிக்கும். அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே ஒன்னப் பாத்துக்கினு வராரு."

அவள் பாட்டிலை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். பிறகு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை, சாயங்கால ஷிப்ட் என்றாள். "கேட்டு சுத்தி வந்தா இந்த வண்டி போய்டும் சார். லேட்டானா கம்பெனி கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க வந்து எங்க சூப்பர்வைசருகிட்ட சொல்றீங்களா?"

"சொல்றேன்," என்றான் அருள்.

"பிரெஞ்சுலயா?" என்றாள். இந்த முறை அவனும் சிரித்தான். வில்லியனூரில் அவள் இறங்கிப் போனாள். நாளைக்கும் அவள் வரப்பு வழியாகத்தான் வருவாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி கிளம்பியதும் அவன் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். போன வருடம் நெரிசல் நேரத்தில் ஒரு நிலையத்துக்குள் நுழையும்போது, ஓரத்தில் நின்ற ஒரு வயதானவர் கூட்டத்தில் தள்ளுப்பட்டு விழுந்தார். "நான் பிரேக் புடிச்சேன். வண்டி நின்னுச்சி. நிக்க வேண்டிய எடத்துல நிக்கலக்கா." அந்த மனிதர் இறந்துவிட்டார். இவன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தான். பிறகு ஓட்டப் போனான். ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்குள் நுழையும்போதும் பிளாட்பாரம் ஓரத்தில் நிற்கும் கால்களைத்தான் பார்க்கிறானாம். பயணியாக எந்த பிளாட்பாரத்திலும் நிற்க முடியவில்லை. இங்கே நிற்க முடிகிறதா என்று பார்க்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இதெல்லாம் அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்த வேற லைன்ல கதவு வருமாடா?" என்று கேட்டேன்.

"அங்க இப்போதைக்கு இல்ல."

நான் காலையில் இரண்டு நிலையங்களுக்கு இடையில் கௌரவம், தொழில் என்று சொன்னதெல்லாம் அந்த லைனுக்குப் போ என்றுதான்.

"சொல்லிப் பாக்கலாமேடா. அறிவிப்பு வைக்கலாம், கோடு போடலாம்..."

"கோடு இருக்குக்கா, மஞ்சக் கோடு. அறிவிப்பும் நாலு பாஷைல இருக்கு. இந்தப் பொண்ணுகிட்டயும் இப்பத்தான் சொன்னோம். அது கெட்ட பொண்ணு இல்ல, அதுக்கு ஷிப்ட் இருக்கு. சொல்லிக்கினே இருக்கலாம். ஆனா கதவு வெச்சா யாரும் விழ மாட்டாங்க."

தாழ்வாரத்தில் ஓடாதே என்று முப்பத்து நான்கு வருடம் சொன்னவள் நான். ஓடாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் தொடர்ந்து சொன்னேன். ஆனால் எங்கள் பள்ளி மாடியில் ஒரு பிள்ளையும் விழாமல் இருந்ததற்குக் காரணம் நான் சொன்ன புத்தி அல்ல. இடுப்புயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது. அதைக் கட்டியவரை நாங்கள் ஒருநாளும் ஆசிரியர் தினத்தன்று மேடைக்கு அழைத்ததில்லை.

புதுச்சேரியில் இறங்கியதும் அவன் பிளாட்பாரத்திலேயே நின்று, மேலதிகாரிக்குப் போன் செய்து பிரெஞ்சில் பேசினான். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அவன் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. முடித்துவிட்டு, "கட்டுப்பாட்டு அறைக்கே வரேன்னு சொல்லிட்டேன்," என்றான். அன்று இரவு சாப்பாட்டின்போது என் கணவர் மறுபடி ஆயுத பூஜையை ஆரம்பித்தார். "போதுங்க," என்றேன். என் குரலைக் கேட்டு அவர் நிறுத்திக்கொண்டார். விஷயத்தைப் பிறகு அருளே அவரிடம் சொன்னான்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வண்டி நேரங்கள் மாறுகின்றன, சில நாள் ரத்தும் செய்கிறார்கள். முந்தின நாளே பார்த்துவிடுங்கள். காலை வண்டியில் கூட்டம் இருந்தாலும் வில்லியனூருக்குப் பிறகு உட்கார இடம் கிடைக்கும். வழியில் எதுவும் விற்க வரமாட்டார்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் வயல்கள் பார்க்க மிக அழகு. எதிர்வண்டிக்காக நிற்கும்போது பிளாட்பாரம் இல்லாத பக்கம் இறங்காதீர்கள், ஏறாதீர்கள். சொன்னால் கேட்பீர்களா என்று தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் சின்னபாபுசமுத்திரத்தில் கதவு வைக்க இப்போதைக்கு யாரும் வரப்போவதில்லை. அந்த எதிர்வண்டியை ஓட்டிவந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு அவர் எப்படித் தூங்கினார் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அருள் பயிற்சி முடித்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார ஆரம்பித்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, எல்லா நிலையத்திலும் கதவு வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"ரெண்டு ஸ்டேஷன் பாக்கிக்கா," என்றான். "எனக்கு முன்னால வரிசையா திரை இருக்கு. நான் அந்த ரெண்டத்தான் பாத்துக்கினே இருக்கேன்."