பச்சையென்றால் வாய் திறக்காத நொதி

சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையோடு மல்லுக்கட்டினவங்க எல்லாரும் என் கட்சிதான். எனக்குப் பிள்ளைக்குப் பதிலா பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற ஒரு நொதி. விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. எங்க நொதி சிவப்புச் சாயத்தை மட்டும் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கும். பச்சையை வச்சா வாயே திறக்காது. மரபணுவில் அங்கங்க மாத்தி, பச்சையும் நுழையிற மாதிரி அந்த வாயை அகலப்படுத்தணும். சிவகாசி அச்சகத்துக் கழிவுநீரில் அது வேலை செஞ்சாத்தான் திட்டம் நீடிக்கும், என் வேலையும் நீடிக்கும்.

வளர்ப்பு

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போறவ. சாப்பிடும்போது அவகிட்ட நொதியோட பிடிவாதத்தைச் சொல்லிப் புலம்பினேன். என் தட்டு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த கத்திரிக்காயை ஒரு பார்வை பார்த்தா.

"வளக்குறவ புத்திதானடி அதுக்கும் வரும்?"

மருந்து

அச்சகத்தில் சோதிச்சுப் பார்க்க நொதியை ஐஸ் பெட்டியில் வச்சு சிவகாசி பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஒருத்தர் பெட்டி மேல மூட்டையை இறக்கப் போனார். "அண்ணே, உள்ள மருந்து இருக்கு, குலுக்கிராதீக!"ன்னு கத்திட்டேன். எங்க பக்கம் மருந்துன்னா மாத்திரைக்கடைச் சமாச்சாரமா? பட்டாசுக்குள்ள அடைக்கிற வெடிமருந்து! விசில் பறந்தது, நடுரோட்டில் பஸ் நின்னது, பாதிப் பேர் கீழ குதிச்சாச்சு. "வெடிக்காது, வெறும் பாக்டீரியாதான்!"னு பெட்டியைத் திறந்து காட்டினேன். கண்டக்டர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டார்.

"கிருமின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்போம்ல, தாயி!"

இவ்வளவும் பண்ணி அச்சகம் போய்ச் சேர்ந்தா, அன்னைக்கும் அது பச்சையைத் தொடலை.

தெளிஞ்ச குழாய்

மாத்தி மாத்திப் பார்த்து அலுத்துப்போன ஒரு காலையில், பச்சை ஊத்தின சோதனைக்குழாய் பளிச்சுன்னு தெளிஞ்சு நின்னது. கத்திக்கிட்டே எங்க ஆய்வகத்துப் பேராசிரியர்கிட்ட ஓடினேன். அவங்க கண்ணாடியைக்கூடக் கழட்டலை.

"சந்தோஷம். சாயம் ஊத்த மறந்துட்டியான்னு பாத்துட்டு வந்து குதி."

வெள்ளைச் சேலை

மறக்கலை. மறுபடி ஊத்தினோம், மறுபடியும் தின்னது. அழுதே போட்டேன். அதே குஷியில் அச்சக முதலாளி அண்ணாச்சி முன்னால போய் நின்னேன். காலண்டர் சீசன், மேசை முழுக்கச் சாமி படம். அவர் கண்ணெதிரேயே பச்சைத் தண்ணி தெளிஞ்சது. "வேற எந்தெந்தக் கலரு திங்கும்?"னு கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். "ஒண்ணையும் விடாது அண்ணாச்சி!"ன்னேன். பதறிப்போய்க் காலண்டரை எல்லாம் வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.

"மொதல்ல அத வெளிய கொண்டு போங்கம்மா! இருக்கன்குடி மாரியாத்தா வெள்ளச் சேலையில நின்னா எவன் காலண்டர் வாங்குவான்?"

வாசலில் நின்னு கெஞ்சி, கழிவுத் தொட்டிக்கு மட்டும் அனுமதி வாங்கி வேலையைக் காப்பாத்தியாச்சு. நொதியோட வாயை அகலமாக்கின கையோட என் வாயைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.