வெள்ளரிக்காய் எழுதிய பதினான்கு நாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் அத்தையின் இடது கையில் ஐம்பது காசு அளவில் ஒரு வெள்ளை வட்டம் பதினான்கு நாள் ஒட்டியிருந்தது. அதற்குள்ளே மயிரிழை போல ஓர் ஊசி தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடம்பிலுள்ள சர்க்கரையைப் பார்த்துப் பதிந்துகொள்ளும். என்ன பதிந்திருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பதினான்கு நாளும் முடிந்த பிறகு கிளினிக்கில் கணினியோடு சேர்த்துத்தான் திறந்து பார்ப்பார்கள். அத்தையைவிட எனக்குத்தான் அந்த வட்டத்தின் மீது பாசம் அதிகம். அவர் குளித்துவிட்டு வந்தால் முதலில் அது நனைந்துவிட்டதா என்று நான்தான் பார்ப்பேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலேசியாவில் பத்து பாகாட் என்னும் ஊரில் எங்களோடு இருந்துகொண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஹார்ன் அடிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வீட்டு வாசலில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கத்துவார், தெருக்கோடியில் இருக்கும் பிள்ளையும் சேர்ந்து எழுந்துவிடும். அவருக்கு இனிப்புநீர் இருந்தது. நீரிழிவு என்று பாடப்புத்தகம் சொல்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு விரலில் குத்திப் பார்த்தால் அந்த ஒரு நிமிடத்தின் கதைதான் தெரிகிறது, நடுவில் சர்க்கரை என்னென்ன ஆட்டம் போடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டபோது, அத்தை முதல் ஆளாகக் கையை நீட்டிவிட்டார். அந்த வாரமே கோயிலில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். நிலாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது போலத்தான் சொல்லித் திரிந்தார்.

வட்டத்தோடு ஒரு புத்தகமும் கொடுத்திருந்தார்கள். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு சாப்பிட்டார் என்று மலாயில் எழுத வேண்டும். அத்தைக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. அந்த வேலை என்னிடம் வந்தது. வகுப்பில் கையெழுத்துக்கு நட்சத்திரம் வாங்குகிறவள் நான். கோடு போட வண்ணப் பென்சில்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் அத்தை சாப்பிட்டது தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, மேலே எண்ணெயில் பொரித்த ஒரு கறிப்பாப். உள்ளபடியே எழுதப் போனேன். எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார்.

“அலமாக்! அதப் போயி எழுதுவியா? கிளினிக்கு மிஸ்ஸி பாத்தா நம்மள என்னா நெனைப்பாங்க? கொஞ்சம் நல்லதா எழுது லா.”

நல்லதா எழுது என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். அந்த மாதம்தான் வகுப்பில் சரிவிகித உணவு நடத்தியிருந்தார்கள். கோதுமை ரொட்டி இரண்டு, வெள்ளரிக்காய் ஆறு துண்டு என்று எழுதிப் பச்சைப் பென்சிலால் அடிக்கோடு இட்டேன். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கோழிப்பிரட்டலோடு இரண்டு தட்டுச் சோறு போனால், அவித்த மீனும் கீரையும் என்று எழுதினேன். சீனி போட்டு ஆற்றிய தேத்தாரேக் போனால் வெந்நீர். பதினான்கு நாளில் என் அத்தை காகிதத்தில் தின்ற வெள்ளரிக்காய்க்கு ஒரு தோட்டமே வேண்டும்.

இன்னொன்றும் எழுதாமல் விட்டேன். பள்ளி விட்டு வரும் வழியில் சில நாள் அத்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவார். நெற்றி வியர்க்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் லேசாக நடுங்கும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கடைவரிசைக்கு முன்னால் வேனை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்து மூன்று மிட்டாயை அவசர அவசரமாகக் கடித்து விழுங்குவார். பிறகு எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார். அது வாய்ப்பூட்டு என்று எல்லோருக்கும் தெரியும். “மனசு கேக்குது பாப்பா, என்னா செய்றது? அம்மாகிட்ட சொல்லாத” என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்வார். காலையில் மாத்திரை போட்டவர் பசியாறியதோடு சரி. எங்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகுதான் மத்தியானச் சோறு. இதெல்லாம் எனக்கு ஒரு கணக்காகவே படவில்லை. அத்தைக்கு நாக்கு நீளம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். புத்தகத்தில் அந்த நேரத்துக்கு நேரே ‘வெறும் தண்ணீர்’ என்று எழுதினேன்.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. அத்தை தன் வேனிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். ஆராய்ச்சிக்கு வந்திருந்தவர் ஒரு தமிழ் அக்கா. வட்டத்தைப் பிய்த்து எடுத்து, அதிலிருந்ததைக் கணினியில் ஏற்றினார். திரையில் ஒரு கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது. பக்கத்தில் என் புத்தகம். அக்கா அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளரிக்கா சாப்பிட்டா இவ்ளோ ஏறாதே ஆன்ட்டி” என்று சிரித்தார். அத்தையும் சிரித்து மழுப்பினார். எனக்குக் காது சூடானது.

ஆனால் மூன்று இடத்தில் அக்கா சிரிக்கவில்லை. மூன்றும் பள்ளிக்கூட நாள், மூன்றும் மத்தியானம். கோடு கிடுகிடுவென்று கீழே போய், தரையைத் தொடுவது போல் கிடந்து, திடீரென்று எகிறியிருந்தது. அந்த நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

“தண்ணிதான்மா” என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல். “அதான் எழுதியிருக்கே.”

அக்கா புத்தகத்தை மறுபடி புரட்டினார். தண்ணீர் குடித்து இப்படி ஏறாது, அப்படியானால் மெஷின்தான் சரியில்லை, இந்த மூன்று நாளையும் எடுத்துவிடலாம் என்றார். பிய்த்த வட்டத்தைக் குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளி வைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. பதினான்கு நாளும் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். பொய் சொன்னது நான், பழி அதன் தலையிலா?

“மிட்டாய்க்கா! மூணு மிட்டாய்! அத்தைக்குக் கையெல்லாம் நடுங்கும், வேன ஓரமா நிப்பாட்டித் தின்னுவாங்க!”

சொல்லி முடித்ததும்தான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பழக்கம்தான். ஒன்றுமே இல்லை.

“வேன்லயா?” என்றார் அக்கா. எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டரம்மா மலாயில் நிதானமாகப் பேசினார். இந்த மாத்திரை, நேரத்துக்குச் சோறு சாப்பிடாவிட்டால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் மயக்கம்தான். மாத்திரையை மாற்றினார். மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேனைத் தொடக் கூடாது என்றார். எனக்குக் கேட்டது கடைசிப் பகுதி மட்டும். மிட்டாய் தின்றதற்கு வேனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், காட்டிக்கொடுத்தது நான். அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு, வேனை ஓட்டிக்கொண்டு எங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அத்தை வாயைத் திறக்கவில்லை. நான் அழுதுகொண்டே வந்தேன்.

சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் அந்தக் கோட்டை அச்சடித்த தாள் விரித்திருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் என்னோடு பேசிவிட்டாரே என்று எனக்கு உயிர் வந்தது.

முதல் பள்ளத்தில் விரலை வைத்தார். “இது செவ்வாக்கெழம. நாம நிப்பாட்டுனது எங்க?”

“கடைகிட்ட, அத்தை.”

“நிப்பாட்டுறதுக்கு முன்னாடியே எறங்கிடுச்சு, பாரு.” விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. “இங்க எங்க இருந்தோம்?”

“பாலத்து மேல.”

“வேன்ல யாரு யாரு இருந்தா?”

அவர் கிளினிக்கோடு வழக்காடப் போகிறார், அதற்குத்தான் ஆதாரம் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துபோனது. செய்த துரோகத்துக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டது. ஒருவரையும் விடாமல் யார் எந்த இருக்கை, யார் மடியில் யார் பை என்றுகூடச் சொன்னேன். அடுத்த பள்ளத்துக்கும் சொன்னேன், மூன்றாவதற்கும் சொன்னேன்.

“பன்னெண்டு பேரும் இருந்தோம் அத்தை. பாலம் தாண்டுறவரைக்கும் ஒருத்தர்கூட எறங்கல” என்றேன் பெருமையாக.

அத்தை தாளை மடிக்காமல் எழுந்து போனார். குளியலறையில் குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்கு ஓடிப்போய், அத்தைக்கு நல்ல சாட்சி சொல்லிவிட்டேன், இனி வேன் கண்டிப்பாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.