மைக்கில் சொன்ன ஒரு பொய்

போன வருடம் வைகாசியில், ஆந்திராவில் இருக்கும் புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நிச்சயதார்த்தம். காலை பதினொன்றரை இருக்கும். மாடி ஹாலில் முந்நூறு பேருக்குக் குறையாது. நான் மேடையில் மைக்கோடு நின்றிருந்தேன். விசேஷங்களைத் தொகுத்து வழங்குவதுதான் என் தொழில். பெண் வீடு நகரிப் பக்கத் தமிழ்க்காரர்கள், மாப்பிள்ளை வீடு நாயுடுபேட்டைத் தெலுங்குக்காரர்கள். அதனால் இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது சமையல் மாஸ்டர் மேடை ஓரத்தில் வந்து நின்று கையசைத்தார். குனிந்தேன். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அம்மா, கீழ சிலிண்டர் லீக் ஆவுது. வால்வு ஒடைஞ்சி பூட்ச்சி, மூட முடியல. கேஸ் அடுப்பெல்லாம் அணைச்சிட்டோம். வெறகு அடுப்புலதான் தணல் கீது, தண்ணி ஊத்திக்கினு கீறாங்க. ஜனத்த வெளிய அனுப்பிடு. பின்னால படி மட்டும் வேணாம், அது நேரா அடுப்பாண்டதான் போவுது."

சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

முன்பக்கம் இருப்பது ஒரே படிக்கட்டு. இரண்டு பேர் சேர்ந்து இறங்கினாலே தோள் இடிக்கும். மைக்கில் 'கேஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெருப்பு வருவதற்கு முன்பே அந்தப் படியில் மிதிபட்டுச் சாவார்கள்.

என்ன செய்வது என்று நான் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. அதற்குக் காரணம் என் சின்ன வயசு.

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். எட்டு, ஒன்பது வயசில் நான் பம்ப்செட் கொட்டகையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்ப் புனலை வாயில் வைத்துக்கொண்டு 'ரேடியோ' நடத்துவேன். செய்தி, விளம்பரம், ரயில் அறிவிப்பு எல்லாம் நானே. எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை, கண்ணில் பட்டதை வைத்து அந்த நிமிஷமே கதை கட்டுவேன். "தனியா பேசிக்கினு கீது பைத்தியம் மாரி" என்று நைனா திட்டுவார். படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தபோதும், "மைக் புடிச்சிக்கினு கத்தறதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பழக்கம்தான் அன்று மேடையில் கைகொடுத்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! மாப்பிள்ள வீட்டுல ட்ரோன் கேமரா ஏற்பாடு பண்ணிருக்காங்க. ரெண்டு குடும்பமும் சேந்து ஒரே போட்டோ. எதிர்ல கீற மைதானத்துல! எல்லாரும் வாங்க, அந்தரூ ரண்டி!"

போட்டோகிராபர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். அவரிடம் ஏது ட்ரோன்! மைக்கைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். வெளுத்துப்போனவர், உடனே படியடியில் போய் நின்று ஆட்களை ரோட்டைத் தாண்டி அனுப்ப ஆரம்பித்தார். நான் வாசல் ஓரத்து வரிசையை முதலில் எழுப்பினேன், பிறகு அடுத்த வரிசை. "மெதுவா, பட்டுப் பொடவ கசங்கிடப் போவுது" என்று சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

பாதி ஹால் காலியானபோது பார்த்தேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வாயில் பீடியைச் செருகிக்கொண்டு, கையில் தீப்பெட்டியோடு பின்பக்கப் படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சட்டென்று ரயில் நிலைய அறிவிப்புக் குரலை எடுத்தேன்.

"பயணிகளின் கவனத்திற்கு! பச்சைச் சட்டை மாமா தவறான நடைமேடைக்குச் செல்கிறார். அவர் இல்லாமல் போட்டோ புறப்படாது!"

ஹாலே சிரித்தது. அவர் வெட்கப்பட்டு, பீடியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசி ஆளோடு நானும் இறங்கி மைதானத்துக்குப் போனேன். அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் ஒரு அம்மா கூட்டத்தில் தேடிக்கொண்டே வந்தார்.

"எம் மருமவ எங்க? கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினு பொண்ணு ரூம்ல இருந்தாளே?"

அது மாடி ஹாலை ஒட்டி, ஏசி போட்டு மூடிய அறை. நான் பேசிய ஒரு வார்த்தையும் அந்தக் கதவைத் தாண்டியிருக்காது. அந்த அறைகளைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

ஓடினேன். படியில் கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. கதவை இடித்தேன். திறந்த பெண் பாதித் தூக்கத்தில் இருந்தாள். "இன்னாக்கா?" என்றாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ரோட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் 'டமால்' என்றது. சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடி தெறித்து, பின்பக்கப் படி வரை தீ எழும்பியது.

பிறகு தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. மாஸ்டருக்குக் கையில் தீக்காயம், ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். என்னால் அந்தக் குழந்தையின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்குப் போனாலும், மைக்கைக் கையில் வாங்கும் முன் ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் பேசுவது கேட்காத ஒருத்தி எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பாள் என்ற பயம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை, அது போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.