முந்திக்கொண்டு சொன்ன சம்மதம்

எஞ்சினை அணைக்காமலேயே ரோஸ்லின் மீனை நிறுத்துப் போடுகிறாள். மொபெட் நின்ற இடத்தில் நடுங்குகிறது. பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியும் நடுங்குகிறது. அவள் கையில் தூக்கிய தராசு மட்டும் ஆடாமல் நிற்கிறது. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். "சங்கரா இருக்கு, சூடை இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க டீச்சர், அடுத்த தெருவுல காத்துக்கிட்டிருக்காங்க." அடுத்த தெருவில் யாரும் காத்திருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாகப்பட்டினத்து வேன் விடியும்போது குடவாசல் கடைத்தெருவுக்கு வரும். கூடையை இறக்கும் முன்பே இவள் கை அதில் இருக்கும். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போய் மதியத்துக்குள் விற்றுவிடுவாள். பெட்டி காலியான பிறகும் வண்டி வீட்டுக்குத் திரும்பாது. யாரையாவது ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவாள், யாருக்காவது கேஸ் சிலிண்டர் ஏற்றி வருவாள். சாப்பாடுகூட அடுப்பு மேடை ஓரத்தில் நின்றபடிதான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்திலும் பெஞ்சில் தங்காதவள் என்றாலும் அது வேறு துள்ளல். இப்போது ஏன் இப்படி என்று நான் கேட்டபோது, "உக்காந்தா யோசன வருது டீச்சர்" என்றாள்.

அந்த யோசனை என்னவென்று எங்கள் மாதா கோயில் பங்கு மக்களுக்கெல்லாம் தெரியும். கணவன் ரெஜின் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது, பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம், குழந்தைகள் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். இங்கே ரோஸ்லினும் அவனுடைய தாய் செபஸ்தியம்மாளும்தான். படுத்த படுக்கையான மாமியாரைக் குளிப்பாட்டித் தலை வாரி விடுகிறாள். "அவருதான் விட்டுட்டுப் போனாரு. அத்த என்னைய விடலையே" என்பாள்.

கடைத்தெருவில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் ஆசீர்வாதம். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை சரிந்து ரோஸ்லின் வண்டியோடு விழுந்தாள். கால் எலும்பு முறிந்தது. சேற்றிலிருந்து வண்டியைத் தூக்கிப் போய்ப் பிரித்துக் கழுவிப் பூட்டியவர் அவர். அவள் கட்டுப் போட்ட காலோடு கிடந்த வாரங்களில் அரிசியும் மாமியாரின் மாத்திரையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. கால் தேறி அவள் மறுபடி வண்டி எடுத்தபோது, அந்தப் பட்டறை வாசலில் மட்டும் எஞ்சின் அணைவதை ஊர் கவனித்தது. நானும் கவனித்தேன்.

பொங்கலுக்குப் பிறகு அவர் கேட்டார். கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். என் வாசலில் நின்று மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே ரோஸ்லின் இதைச் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?"

"கோர்ட்டுல வாங்குற விவாகரத்தக் கோயில் ஏத்துக்காதே. அப்புறம் பூசையில நன்ம வாங்க முடியாதுல்ல டீச்சர்? எல்லாரும் எந்திரிச்சு நற்கருணைக்குப் போவாங்க, நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கணும். செத்துருவேன்."

"உனக்கு அவரப் புடிச்சிருக்கா?"

அவள் செதில் எடுத்து முடித்த மீனையே மறுபடியும் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பங்குத்தந்தையிடம் போனாள். அவர் ஒரு வழி சொன்னார். கல்யாணத்தன்று அவளுடைய சம்மதம் மனப்பூர்வமானதாக இல்லாதிருந்தால், யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால், அந்தத் திருமணமே செல்லாது என்று திருச்சபை அறிவிக்க முடியும். பிறகு கோயிலிலேயே ஆசீர்வாதத்தை மணக்கலாம். "உண்மை எதுவோ அத சொல்லும்மா" என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் செபஸ்தியம்மாள் கட்டிலில் கிடந்தபடி முழுவதையும் கேட்டாள். "எல்லாரும் மெரட்டிக் கட்டி வச்சோம்னு சொல்லிரு. நானே சாட்சி சொல்றேன். எம் மவன் பண்ணுன பாவத்துக்கு நீ ஏண்டி காயணும்?" ரோஸ்லின் அன்று முழுக்க ஊர் ஊராகச் சுற்றினாள். அறுவடை மெஷின்கள் சம்பா வயல்களில் ஓடிக்கொண்டிருந்தன. தூசியும் வைக்கோல் தும்புமாக அவள் திரும்பியபோது பெட்டியில் மீன் அப்படியே இருந்தது. யாரிடமும் விற்கவே இல்லை.

திருச்சபையின் விசாரணைக்குக் கும்பகோணம் போன அன்று என்னைத் துணைக்கு அழைத்தாள். பஸ்ஸில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

"முழுச் சம்மதத்தோடதான் கல்யாணம் நடந்துச்சான்னு ஃபாதர் கேட்டாரு."

"சரி."

"ஆமான்னுட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன் டீச்சர். வரல. அன்னைக்கு சாமியார் கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே சம்மதம்னு சொல்லிட்டேன். கோயிலே சிரிச்சுச்சு. ஞாபகம் இருக்கா? அவ்வளவு ஆச. அவரு பொய்யாப் போயிட்டாரு, சரி. நான் சாமி முன்னாடி சொன்னது பொய் இல்ல. அதப் போயி பொய்யின்னு சொன்னா, அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

ஆமாம் என்றுவிட்டதையும் இனிக் கல்யாணம் இல்லை என்பதையும் ஆசீர்வாதத்திடம் அவளே போய்ச் சொன்னாள். "நான் ஒன்னப் பொய் சொல்லச் சொல்லலையே ரோஸ்லின்" என்றாராம் அவர். "சொல்லியிருந்தா கோவப்பட்டாவது உங்கள விட்டுப் போயிருப்பேன்" என்றாளாம் இவள். வீட்டில் மாமியார் இரண்டு நாள் இவள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்க மறுத்தாள். மூன்றாம் நாள் குடித்துவிட்டு அழுதாள்.

நிம்மதி கிடைத்ததா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் பட்டென்று. "மனசு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நானும் செபம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்." இப்போது இன்னும் இரண்டு ஊர்கள் கூடுதலாகச் சுற்றுகிறாள்.

போன ஞாயிறு பூசையில் எனக்கு முன்வரிசையில் நின்றிருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்ளச் சாமியார் சொன்னதும் கோயில் முழுக்க ஆட்கள் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார்கள். ரோஸ்லின் ஆண்கள் பக்கம் திரும்பினாள். அங்கே ஆசீர்வாதம் கைகூப்பித் தலை குனிந்தார். அவளும் குனிந்தாள். அடுத்த பாட்டு தொடங்கி, எல்லாரும் கையை இறக்கிப் பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரோஸ்லினின் கைகள் மட்டும் கூப்பியபடியே, இன்னும் அந்தப் பக்கம் பார்த்து நின்றன.